மொபைல் நெட்வொர்க் செஷன் மேலாண்மையும் எட்ஜ் இணைப்பும்: காப்புரிமை ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

5ஜி கோர் நெட்வொர்க்கில் வேலை செய்யும் பொறியாளர்களும், அவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தத் துறையில் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் எழுப்பும் ஆட்சேபனைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடிகின்றன: எந்த முனை (நெட்வொர்க்கில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி), எந்த முனைக்கு, எந்தக் கட்டத்தில், எந்தத் தகவலைச் சொல்கிறது, அதனால் என்ன மாறுகிறது? இதற்கு விண்ணப்பத்தில் பதில் இருந்தால் ஆய்வைச் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல யோசனையும் நிற்காது.

செஷன் மேலாண்மை என்று எதைச் சொல்கிறார்கள்?

போன் நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் டேட்டா ஓடிவிடாது. 5ஜியில் பதிவையும் நகர்வையும் ஏஎம்எஃப் என்ற முனை கவனிக்கிறது. டேட்டாவுக்கென்று பிடியு செஷன் என்ற இணைப்பு ஒன்று தனியாகத் திறக்கப்பட வேண்டும். அதைத் திறப்பது, மாற்றுவது, மூடுவது எல்லாம் எஸ்எம்எஃப் என்ற முனையின் வேலை. ஐபி முகவரி கொடுப்பது, பாக்கெட்டுகள் கடந்துபோகும் யுபிஎஃப்பைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பாக்கெட்டை எங்கே அனுப்ப வேண்டும் என்ற விதிகளைப் பிஎஃப்சிபி என்ற நெறிமுறை வழியாக அந்த யுபிஎஃப்புக்குள் இறக்குவது ஆகியவையும் அதன் பொறுப்பே.

ஆய்வுக்கு வரும் விண்ணப்பங்களில் அதிகம் அடிபடுவது செஷன் தொடர்ச்சி. இதற்கு மூன்று முறைகள் உண்டு. எஸ்எஸ்சி (செஷன், சேவைத் தொடர்ச்சி) முறை 1இல் போன் எங்கே போனாலும் ஐபி முகவரி மாறாது. முறை 2இல் பழைய செஷனை விட்டுவிட்டுப் புதியது திறக்கப்படும். முறை 3இல் புதிய பாதையைத் திறந்த பிறகே பழையது மூடப்படும். இந்த மூன்றும் 3ஜிபிபி என்ற தரநிர்ணய அமைப்பு வெளியிடும் தரத்தில் ரிலீஸ் 15 பதிப்பு முதலே இருப்பவை. ஆகவே "முதலில் புதியதைத் திற, பிறகு பழையதை மூடு" என்ற யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு இன்று யாரும் காப்புரிமை கேட்க முடியாது.

எட்ஜ் இணைப்பு இதில் எங்கே சேர்கிறது?

எட்ஜ் என்றால் சர்வரைப் பயனருக்கு அருகில் கொண்டுவந்து வைப்பது. அப்படி வைத்தாலும், பாக்கெட்டுகள் தொலைவிலுள்ள மைய யுபிஎஃப் வரை போய்த் திரும்பினால் பயன் இல்லை. போக்குவரத்தை வழியிலேயே பிரித்து உள்ளூர்ப் பக்கம் திருப்ப வேண்டும். டிஎஸ் 23.548 என்ற ரிலீஸ் 17 ஆவணம் இதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறது. முதல் வழியில் செஷனின் நங்கூர யுபிஎஃப்பே, அதாவது செஷன் வெளி நெட்வொர்க்கோடு சேரும் யுபிஎஃப்பே, அருகில் இருக்கும். இரண்டாவதில் செஷனின் நடுவே ஒரு யுபிஎஃப்பைச் செருகி, எட்ஜுக்குரிய பாக்கெட்டுகளை மட்டும் அங்கேயே பிரித்தெடுப்பார்கள். மூன்றாவது, எட்ஜுக்கென்று தனிச் செஷனையே திறந்துவிடுவது.

விண்ணப்பங்கள் குவிவது இரண்டாவது வழியில்தான். இப்படிப் பாக்கெட்டுகளைப் பிரிக்கும் அப்லிங்க் கிளாசிஃபையரைச் செருகுவதும் நீக்குவதும் போனுக்குத் தெரியாமலே நடக்கும், முடிவெடுப்பது எஸ்எம்எஃப். எப்போது செருகுவது, எந்தத் தகவலை வைத்து முடிவெடுப்பது என்ற கேள்விகளுக்குள் கண்டுபிடிப்புகளுக்கு நிறைய இடம் இருக்கிறது. ரிலீஸ் 17இல் வந்த ஈஏஎஸ்டிஎஃப் இந்த இடத்தை இன்னும் விரித்தது. போன் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி, அதாவது சர்வரின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் கேள்வி, இந்த முனை வழியாகப் போகிறது. அது போனின் இருப்பிடத்துக்கு ஏற்ற சப்நெட் (ஐபி முகவரித் தொகுதி) விவரத்தைக் கேள்வியோடு சேர்த்து அனுப்பலாம், அல்லது கேள்வியை உள்ளூர் டிஎன்எஸ் சர்வருக்கே திருப்பிவிடலாம். பதிலில் வந்த சர்வர் முகவரியை எஸ்எம்எஃப்புக்குத் தெரிவிக்கிறது. அதைப் பார்த்து எஸ்எம்எஃப் அந்த இடத்தில் கிளாசிஃபையரைச் செருகுகிறது.

ஆய்வாளர் முதலில் எங்கே தேடுவார்?

வகைப்பாட்டிலிருந்து தொடங்குவார். சிபிசி என்ற காப்புரிமை வகைப்பாட்டு முறையில் இணைப்பு மேலாண்மைக்கு எச்04டபிள்யூ 76, அதற்குள் டனல் (பாக்கெட்டுகள் போகும் தனிப் பாதை) அமைப்பதற்கு 76/12, ஏற்கெனவே உள்ள டனலை மாற்றுவதற்கு 76/22. நகரும் போனை ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் ஹேண்ட்ஓவருக்கு எச்04டபிள்யூ 36. எட்ஜ் பக்கம் போனால் சர்வர் தேர்வுக்கு எச்04எல் 67, டிஎன்எஸ்ஸுக்கு எச்04எல் 61/4511.

காப்புரிமை ஆவணங்கள் தேடலில் ஒரு பாதிதான். இன்னொரு பாதி 3ஜிபிபி ஆவணங்கள். இறுதித் தரங்களான டிஎஸ் 23.501, 23.502, 23.548 ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். அனுபவமுள்ள ஆய்வாளர் அதற்கும் கீழே இறங்கி, எஸ்ஏ2 பணிக்குழுவின் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் கொடுத்த முன்மொழிவு ஆவணங்களான டிடாக்குகளைத் தோண்டுவார். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இவற்றைத் தன் தேடல் தரவுத்தளத்திலேயே வைத்திருக்கிறது. அதனால் விண்ணப்பம் எழுதும் முன் நீங்களும் இதே இடத்தில் தேடிவிடுங்கள். எஸ்2 என்று தொடங்கும் எண்ணுள்ள ஆவணங்களில் எட்ஜ் பற்றிய ஒரு கூட்டத்தின் தொகுப்பை மட்டும் பொறுமையாகப் படித்தாலே, உங்கள் கிளெய்மில் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகத்தில்) எந்தப் பகுதி உண்மையில் உங்களுடையது என்பது தெளிந்துவிடும்.

3ஜிபிபியில் நிராகரிக்கப்பட்ட தீர்வும் நமக்கு எதிராக நிற்குமா?

நிற்கும். தரத்தில் ஏற்கப்பட்டதா என்று காப்புரிமைச் சட்டம் கேட்பதில்லை. உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளியில் இருந்ததா என்றுதான் கேட்கிறது. டிஆர் 23.748 என்ற ஆய்வறிக்கையைப் பாருங்கள். டிஎஸ் 23.548க்கு அடித்தளமாக இருந்த ஆய்வு அது. ஒவ்வொரு முக்கியப் பிரச்சினைக்கும் பல தீர்வுகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. சில தரத்துக்குள் போயின, மற்றவை அங்கேயே நின்றுவிட்டன. நின்றுபோனவற்றைத்தான் விண்ணப்பதாரர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். ஆய்வாளர் பார்க்கத் தவறுவதில்லை.

எங்கள் நிறுவனமே கொடுத்த டிடாக் எங்களையே பாதிக்குமா?

பாதிக்கும். டிடாக் 3ஜிபிபி சர்வரில் ஏற்றப்பட்ட நிமிடமே யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கூட்டம் நடந்த தேதியைப் பார்க்காதீர்கள், ஏற்றப்பட்ட தேதியைப் பாருங்கள். தரக்குழு உறுப்பினர்களுக்கு முன்கூட்டி அனுப்பிய முன்மொழிவுக்குப் பொதுவாக ரகசியக் கடமை இல்லை, ஆகவே அது பொதுவெளியில் உள்ள ஆவணமே என்று ஐரோப்பிய மேல்முறையீட்டு வாரியம் டி 202/97 என்ற முடிவில் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. ஆகவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் விண்ணப்பம், பிறகு டிடாக். ஏற்றுவதற்கான கடைசி நாளன்று காலையில் அவசரமாக ஒரு தற்காலிக விண்ணப்பத்தைப் போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அவசரம் புரிகிறது. ஆனால் டிடாக்கின் உரையை அப்படியே ஒட்டிவைத்த விண்ணப்பம் பின்னால் கழுத்தை நெரிக்கும். டிடாக்கில் எஸ்எம்எஃப் என்று மட்டும்தான் இருக்கும்; பன்னிரண்டு மாதம் கழித்து வரும் முழு விண்ணப்பத்தில் "ஒரு நெட்வொர்க் முனை" என்று விரித்து எழுதுவீர்கள். விரித்த கிளெய்முக்குத் தற்காலிக விண்ணப்பத்தின் முதல் தேதி கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால், இடைப்பட்ட காலத்தில் வெளியான உங்கள் டிடாக்கே அந்த விரித்த பகுதிக்கு எதிராக நிற்கலாம்.

ஒரு கிளெய்மை ஆய்வாளர் எப்படி அலசுவார் என்று காட்ட முடியுமா?

இதற்காகவே ஒரு கிளெய்மைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம். இதில் அப்ளிகேஷன் ஃபங்ஷன் என்பது எட்ஜ் சேவையின் சார்பில் நெட்வொர்க்கோடு பேசும் முனை, நிலைத்தகவல் என்பது பயனரின் சேவை எந்த இடத்தில் நிற்கிறது என்ற தகவல், அப்லிங்க் பாக்கெட்டுகள் போனிலிருந்து போகிறவை.

"எஸ்எம்எஃப் செய்யும் ஒரு முறை: போன் நகர்வதால் எட்ஜ் சர்வரை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்தல், பயனரின் நிலைத்தகவலைப் புதிய சர்வருக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டை அப்ளிகேஷன் ஃபங்ஷனிடமிருந்து பெறுதல், அந்த மதிப்பீட்டின்படி, புதிய யுபிஎஃப்பில் அப்லிங்க் பாக்கெட்டுகளை நிறுத்திவைக்கும் காலத்தை அமைத்தல், அந்தக் காலம் முடிந்தும் மாற்றம் நிறைவடையாவிட்டால், நிறுத்திவைத்த பாக்கெட்டுகளைப் பழைய சர்வருக்குத் திருப்புமாறு யுபிஎஃப்புக்கு விதி அனுப்புதல்."

ஆய்வாளர் எடுக்கும் முதல் ஆவணம் டிஎஸ் 23.548. புதிய சர்வர் தயாராகும் முன் பாக்கெட்டுகள் வந்து வீணாகிவிடக் கூடாது என்பதற்காக, அவற்றைப் புதிய நங்கூர யுபிஎஃப்பில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு அதில் ஏற்கெனவே இருக்கிறது. அப்ளிகேஷன் ஃபங்ஷன் கேட்டுக்கொண்டால் நிறுத்திவைப்பு தொடங்கும்; சர்வர் தயார் என்று அது சொன்னதும் பாக்கெட்டுகள் விடப்படும். ஆக, கிளெய்மின் முதல் பாதி முன்பே தெரிந்தது. மிஞ்சுவது இரண்டு: மதிப்பீட்டை வைத்துக் காலம் குறிப்பது, காலம் கடந்தால் பழைய சர்வருக்குத் திருப்புவது.

முதல் வேறுபாட்டை ஆய்வாளர் சுலபமாகத் தட்டிவிடுவார். யுபிஎஃப்பின் நினைவகத்துக்கு அளவு உண்டு, எந்த நிறுத்திவைப்புக்கும் ஒரு டைமர் வைப்பது துறை அறிந்தவரின் அன்றாட வேலை, டைமரின் அளவை எதிர்பார்க்கும் தாமதத்தை வைத்து முடிவு செய்வதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பார். என் பார்வையில் அந்தக் கேள்வி நியாயமானது. இதற்காகப் பக்கம் பக்கமாக வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இரண்டாவது வேறுபாட்டில்தான் உண்மையான சண்டை. மாற்றத்தின்போது பழைய பாதையையும் புதிய பாதையையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் ஏற்பாடும் அதே தரத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்தால் உங்கள் கிளெய்ம் கிடைத்துவிடுகிறது என்பார் ஆய்வாளர். பதிலில் நீங்கள் காட்ட வேண்டியது, அந்த இரண்டும் அப்படித் தானாகச் சேர்ந்துவிடாது என்பதை. தரத்தின் நிறுத்திவைப்பு ஒரே திசையில் போகிறது: காத்திரு, தயாரானதும் புதிய சர்வருக்கு விடு. பழைய பாதை திறந்திருந்தாலும், புதிய யுபிஎஃப்பில் ஏற்கெனவே தேங்கிய பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துப்போகும் வழி அதில் இல்லை.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு, நல்ல ஆய்வாளர் இன்னொரு கேள்வி கேட்பார். பழைய சர்வர் தன் நிலைத்தகவலில் பாதியைக் கைமாற்றிவிட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கே பாக்கெட்டுகளை அனுப்பினால் இரண்டு சர்வர்களிலும் இரண்டு விதமான நிலை உருவாகிவிடாதா? நீங்கள் சொல்லும் "தடையில்லாச் சேவை" என்ற பலன் அப்போது எங்கே கிடைக்கிறது?

விவரணையில், அதாவது விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில், இதற்குப் பதில் இருக்கிறதா என்பதில்தான் விண்ணப்பத்தின் விதியே இருக்கிறது. பாக்கெட்டுகளைத் திருப்பும் முன் எஸ்எம்எஃப் அப்ளிகேஷன் ஃபங்ஷனுக்கு அறிவிக்கிறது, அது நிலைமாற்றத்தை ரத்துசெய்து பழைய சர்வரின் நிலையை மீட்டெடுக்கிறது, ரத்து உறுதியான பிறகே திருப்பும் விதி யுபிஎஃப்புக்குப் போகிறது என்று ஒரு செய்தி ஓட்டப்படமும் இரண்டு பத்தியும் இருந்தால் போதும். அந்த வரிசையைக் கிளெய்முக்குள் கொண்டுவரலாம். பலனும் நம்பும்படி ஆகிறது, இரண்டு ஆவணங்களைச் சேர்த்தாலும் அந்த வரிசை கிடைக்கவில்லை என்ற வாதமும் வலுக்கிறது. அப்படித் திருத்திய கிளெய்முக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்பது என் கருத்து. அந்த இரண்டு பத்தி இல்லையென்றால் விண்ணப்பம் விழும். பிறகு சேர்க்கவும் முடியாது.

ஏன் பிறகு சேர்க்க முடியாது? திருத்தம் செய்ய உரிமை இருக்கிறதே?

திருத்தலாம், ஆனால் தாக்கல் செய்த நாளில் ஆவணத்தில் இருந்ததை வைத்து மட்டுமே. ஐரோப்பாவில் 123(2)ஆம் பிரிவின் கீழ் இது மிகக் கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது. செஷன் மேலாண்மை விண்ணப்பங்களில் இது எப்படி வலிக்கும் என்றால், விவரணையில் ஒரு பெரிய செய்தி ஓட்டம் இருக்கும். அதிலிருந்து ஐந்தாவது படியை மட்டும் தனியே உருவி கிளெய்மில் வைப்பீர்கள். நான்காவது, ஆறாவது படிகளோடு பிரிக்க முடியாதபடிதானே அது சொல்லப்பட்டிருக்கிறது என்று ஆட்சேபம் வரும். எழுதும்போதே "இந்தப் படி, முந்தைய படி இல்லாமலும் நடக்கலாம்", "இந்த அறிவிப்பு ஏஎம்எஃப் வழியாகவும் வரலாம்" என்பன போன்ற வரிகளை அந்தந்த இடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

"இது வெறும் மென்பொருள்தானே" என்ற ஆட்சேபம் வருமா?

நெட்வொர்க்கின் நடத்தையையே மாற்றும் கிளெய்முக்கு இது அவ்வளவாக வருவதில்லை. எழுத்து மங்கலாக இருந்தால் வரும். "தகவலைப் பெறுதல், தீர்மானித்தல், அனுப்புதல்" என்று மூன்றே வினைகளில் எழுதப்பட்ட கிளெய்ம் எங்கேயும் ஆபத்துதான். அமெரிக்காவில், கணினியில் செய்யப்படும் வெறும் கருத்துகளுக்குக் காப்புரிமை இல்லை என்ற 2014இன் ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு, தகவலை நெட்வொர்க்கில் அனுப்பும் கிளெய்ம்களும் அடிபட்டிருக்கின்றன. 2017இல் டூ-வே மீடியா வழக்கில், பலனை மட்டும் சொல்லி அதை அடையும் வழியைச் சொல்லாத கிளெய்ம்கள் வெறும் கருத்துகளாகவே பார்க்கப்பட்டன. இந்தியாவில் 3(கே) பிரிவு கணினி நிரலை "அதனளவில்" விலக்குகிறது. தொழில்நுட்ப விளைவு இருந்தால் விலக்கு பொருந்தாது என்ற வழியை 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. ஐரோப்பாவில் தொழில்நுட்பம் சாராத அம்சங்கள் கண்டுபிடிப்புத் தன்மையை (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா என்பதை) கணக்கிடும்போது கழிக்கப்படும். ஆகவே "அதிகக் கட்டணம் தரும் பயனருக்கு அருகிலுள்ள சர்வர்" என்ற விதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்த விதியை நிறைவேற்ற நெட்வொர்க் புதிதாக என்ன செய்கிறது என்பதே எடுபடும்.

4ஜி காலத்து ஆவணங்களைப் பார்க்கத் தேவையில்லைதானே?

கட்டாயம் தேவை. போக்குவரத்தை வழியிலேயே பிரித்து வெளியே விடும் யோசனை எஸ்ஐபிடிஓ, எல்ஐபிஏ என்ற பெயர்களில் ரிலீஸ் 10லேயே வந்துவிட்டது. கட்டுப்பாட்டையும் பாக்கெட் போக்குவரத்தையும் தனித்தனி முனைகளாகப் பிரித்ததும் பிஎஃப்சிபி வந்ததும் ரிலீஸ் 14இல், அதாவது இன்னமும் 4ஜியில். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான இடிஎஸ்ஐயின் எட்ஜ் கணிமைக் குழு 2014லேயே தொடங்கியது. 4ஜியில் வெளி நெட்வொர்க்குக்கு வாயிலாக இருந்த பிஜிடபிள்யூ என்ற பெயரை அழித்து யுபிஎஃப் என்று எழுதினால் புதுமை வந்துவிடாது. 5ஜியில் மட்டும் எழும் ஒரு பிரச்சினையை உங்கள் தீர்வு தீர்க்கிறதா என்பதைக் காட்டுங்கள்.

கிளெய்மை எந்த முனையின் பக்கமிருந்து எழுதுவது?

ஒரு கிளெய்முக்கு ஒரு முனை. எஸ்எம்எஃப் ஒரு நிறுவனத்துடையது, எட்ஜ் சர்வர் இன்னொருவருடையது, போன் மூன்றாமவருடையது. "போன் கேட்கிறது, எஸ்எம்எஃப் தேர்ந்தெடுக்கிறது, சர்வர் பதிலளிக்கிறது" என்று ஒரே முறையில் மூவரையும் கட்டிவிட்டால், காப்புரிமை கிடைத்த பிறகும் மீறியவர் யார் என்று சொல்ல முடியாமல் போகும். அகாமை, லைம்லைட் நிறுவனங்களுக்கு இடையே உள்ளடக்க விநியோக நெட்வொர்க் குறித்து நடந்த வழக்கு இதே சிக்கலில்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒரு படியைச் செய்தவர்கள் லைம்லைட்டின் வாடிக்கையாளர்கள். 2015இல்தான் அமெரிக்காவின் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தின் முழு அமர்வு அகாமைக்குச் சாதகமாகத் தீர்த்தது.

எஸ்எம்எஃப்புக்கு ஒன்று, ஈஏஎஸ்டிஎஃப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் கருவிகள் என்பதால், ஒரு வகைக்குப் பொதுவாக ஒரு தனிக் கிளெய்மே என்ற ஐரோப்பிய விதிக்கும் இங்கே விதிவிலக்கு கேட்க இடமுண்டு. ஆனால் கிளாசிஃபையர் போனுக்குத் தெரியாமல் செருகப்படுவது. அப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்குப் போனின் பக்கம் கிளெய்ம் எழுதப் போனால் எழுத ஒன்றுமே இருக்காது.

எஸ்எம்எஃப், யுபிஎஃப் என்ற பெயர்களைக் கிளெய்மிலேயே போடலாமா?

முதல் தடவை விரித்து எழுதிவிட்டுப் போடலாம். ஆனால் தர எண்ணைக் கிளெய்முக்குள் கொண்டுவராதீர்கள். தரம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், தெளிவில்லை என்ற ஆட்சேபம் வரும். அந்த முனையின் வேலை என்ன என்பதை விவரணையில் சொல்லிவைத்தால், நாளை பெயர் மாறினாலும் கிளெய்ம் தாங்கும்.

எங்களுக்கு முன் தாக்கலாகி, இன்னும் வெளியாகாத விண்ணப்பம் இருந்தால்?

விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும். ஒரே கூட்டத்துக்காக நான்கைந்து நிறுவனங்கள் ஒரே பிரச்சினையில் உழைக்கும் துறை இது. இந்த மோதல் அடிக்கடி நடக்கும். ஐரோப்பாவில் அத்தகைய விண்ணப்பம் புதுமைக்கு மட்டும் எதிராக வரும், கண்டுபிடிப்புத் தன்மைக்கு எதிராகப் பயன்படாது. ஆகவே ஒரு சிறிய, உண்மையான வேறுபாடு இருந்தால் அங்கே தப்பலாம். அமெரிக்காவில் அந்தச் சலுகை இல்லை.

காப்புரிமை கிடைத்தால் அது தரத்துக்கு இன்றியமையாதது என்று ஆகிவிடுமா?

ஆகாது. ஆய்வாளர் அதைப் பார்ப்பதே இல்லை. இன்றியமையாதது என்று இடிஎஸ்ஐயில் செய்யும் அறிவிப்பு நிறுவனம் தானாகச் செய்வது. இறுதிக் கிளெய்மின் ஒவ்வொரு அம்சமும் தரத்தின் எந்த வரியில் உட்காருகிறது என்று தனியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வின்போது கிளெய்மைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் இதைச் சரிபாருங்கள். தரத்தில் விருப்பத் தேர்வாக மட்டும் உள்ள ஓர் அம்சத்தைச் சேர்த்துக் காப்புரிமையை வாங்கிவிட்டு, பிறகு அது யாரும் பயன்படுத்தாத வழியாகிவிட்டதே என்று வருந்துவது நடக்கிறது.

வேறொருவரின் விண்ணப்பம் பழைய டிடாக்கில் உள்ளதையே கேட்கிறது. ஒரு பொறியாளராக நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். ஐரோப்பிய அலுவலகத்தில் 115ஆம் பிரிவின்படி யாரும், பெயர் சொல்லாமலும்கூட, கருத்து அனுப்பலாம். இந்தியாவில் காப்புரிமை வழங்கப்படும் முன் எந்த நபரும் 25(1) பிரிவில் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். அமெரிக்காவிலும் ஆய்வு நடக்கும்போது மூன்றாம் தரப்பு ஆவணங்களைக் கொடுக்க வழி உண்டு. அதற்குக் காலக்கெடு குறுகியது. "இது பழைய யோசனை" என்று ஒரு வரி எழுதினால் ஆய்வாளருக்குப் பயன்படாது. டிடாக் எண், எந்தக் கூட்டம், சர்வரில் ஏற்றிய நாளும் நேரமும், கிளெய்மின் எந்தப் படி டிடாக்கின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்ற இரண்டு நெடுவரிசை அட்டவணை: இவை நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.